ஸ்காபரோ வேலியும் என் வெளிநாட்டுக் கொள்கையும்

1

கனடாவில் எனக்கு வாக்கு இல்லை. அந்த நாட்டுக்கு நான் போனதே இரண்டு முறைதான். இரண்டு முறையும் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்து, கொத்துரொட்டி தின்று, எடை கூடித் திரும்பினேன். ஆனால் கனடா அமெரிக்காவுக்குப் பதில் வரி போடவேண்டுமா கூடாதா என்ற கேள்விக்கு, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்துகொண்டு, ஒரு வருடத்துக்கு மேலாகக் கிழமைக்குக் கிழமை நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. பதில் சொன்னேன் என்பதும் சரியில்லை. சொல்லாமல் தப்பினேன்.

இதை எழுத வைத்தது எங்கள் வெள்ளி விழா. இந்தக் கோடையோடு எனக்கும் இவருக்கும் திருமணமாகி இருபத்தைந்து வருடம். இவர் என்றால் என் கணவர் மனுவல். பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, எழுதும்போதும் கை வரவில்லை, ஆகவே இங்கும் 'இவர்'தான். பங்குக் கோவிலில் ஒரு நன்றித் திருப்பலி, பிறகு கோவில் மண்டபத்தில் சாப்பாடு என்று முடிவுசெய்து வட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து இரண்டு பதில்கள் வந்தன.

என் தம்பி ஜெயம் எழுதியிருந்தான்: "அக்கா, வாழ்த்துகள். தாஸ் அத்தானும் வாறாரோ?"

என் தங்கை றீற்றாவின் கணவர் தாஸ் எழுதியிருந்தார்: "அக்கா, நல்ல சந்தோசம். ஜெயமும் வாறானோ?"

திகதியை இருவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் இருவரும் இருப்பது ஒட்டிய வீடுகளில். நடுச்சுவரில் தட்டிக் கேட்டிருக்கலாம்.

2

அந்த வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். தாஸும் ஜெயமும் மச்சான்மார் என்பதைவிடக் கூட்டாளிகள். ஒரே தெருவில், ஒரே கூரையை நடுவில் பிரித்த இரண்டு வீடுகள் விலைக்கு வந்தபோது துள்ளிக் குதித்து வாங்கினார்கள். வாங்கிய கையோடு இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை, பின்வளவில் இருந்த பலகை வேலியைப் பிடுங்கி எறிந்ததுதான். அதற்குப் பிறகு ஒரே வளவு. தாஸின் பக்கம் கத்தரியும் பாகலும், ஜெயத்தின் பக்கம் இறைச்சி வாட்டும் அடுப்பு. றீற்றா வீட்டில் உப்பு முடிந்தால் வீட்டுச் செருப்போடு தம்பி வீட்டுக் குசினிக்குள் போய் எடுத்துக்கொண்டு வருவாள்.

தாஸ் வேலை செய்வது கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில். ஜெயம் ட்ரக் ஓட்டுகிறான். எல்லை கடந்து டிட்ரோயிட் வரை போவான், சிலவேளை இன்னும் கீழே. அத்தான் செய்யும் சாமானைத் தம்பி ஏற்றிக்கொண்டு போகிறான் என்று றீற்றா பெருமையாகச் சொல்லுவாள்.

பிறகு அமெரிக்காவில் ஆட்சி மாறியது. கனடாச் சாமானுக்கு வரி என்றார்கள், கனடாவையே எங்களோடு சேர்த்துவிடலாமே என்றும் பேசினார்கள். தாஸின் தொழிற்சாலையில் ஷிப்ட் குறைந்தது. ஜெயத்துக்கு லோட் குறைந்தது. இருவருக்கும் ஒரே இடத்தில்தான் அடி விழுந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருந்து எண்ணெய் பூசியிருக்கவேண்டிய ஆட்கள், ஆளுக்கொரு கட்சி பிடித்தார்கள்.

தாஸ் ஆளும் சிவப்புக் கட்சி. வரிக்கு வரி போடவேண்டும், வளைந்து கொடுத்தால் முதுகில் ஏறி உட்காருவார்கள் என்பது அவருடைய வாதம். ஜெயம் எதிர்ப்பக்கத்து நீலக் கட்சி. சிவப்புக்காரருக்குப் பேசத் தெரியவில்லை, வாங்குகிறவனோடு மல்லுக்கட்டினால் விற்கிறவன்தான் பட்டினி கிடப்பான் என்பது இவனுடைய வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்று நான் நினைத்தேன். அதை வாயைத் திறந்து சொல்லவில்லை.

கனடியப் பால்பண்ணைகளைப் பாதுகாக்கும் சட்டத்தைப் பற்றித் தாஸ் பேசினால், பிறந்ததில் இருந்து மாடு கறந்தவர் என்று நினைப்பீர்கள். அவருக்குப் பாலே ஒத்துவராது, காலமெல்லாம் வெறும் தேநீர்தான். ஜெயமும் லேசுப்பட்டவன் இல்லை. பிரதமர் வெளிநாட்டில் போய் யாருக்குக் கைகொடுத்தாலும், எத்தனை பல் தெரியச் சிரித்தார், யார் கையை முதலில் விட்டது என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எனக்கு விளக்கம் சொல்லுவான்.

தேர்தல் வந்தது. அங்கே வீட்டு முற்றத்தில் கட்சிப் பலகை நடுவது வழக்கம். தாஸ் சிவப்புப் பலகையை நட்டார். ஜெயம் வேலையால் வந்து பார்த்துவிட்டு, அது தன்னுடைய புல்லில் நிற்கிறது என்றான். அளவு நாடா வந்தது. பலகை ஒரு சாண் உள்ளே நின்றது மெய்தான். ஜெயம் அதைப் பிடுங்கித் தாஸின் வாசலில் சாத்திவிட்டுத் தன் நீலப் பலகையை நட்டான். அதுவும் ஒரு சாண் அந்தப் பக்கம் போய்விட்டதாக இன்றுவரை தாஸ் சொல்கிறார்.

இதோடு நின்றிருக்கும். ஆனால் அந்தக் கிழமைதான் றீற்றாவின் மகளுக்குப் பிறந்தநாள். தன் வீட்டு வாசற்படிக்குள் இனி அமெரிக்கச் சாமான் ஒன்றும் வரக்கூடாது என்று தாஸ் எல்லாருக்கும் கேட்க அறிவித்தார். ஜெயம் கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றான்.

"அப்ப அமெரிக்காவுக்கு லோட் அடிச்ச காசிலை வாங்கின கேக் மட்டும் வரலாமோ, அத்தான்?"

தாஸ் கையில் எடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஜெயம் பின்வளவில் வேலி போட்டான், ஆளுயரப் பலகை வேலி. தாஸ் தன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பலகையாகக் குனிந்து, எந்த நாட்டில் செய்தது என்று ஒட்டுத்தாள் பார்த்தாராம்.

3

எங்கள் ஊர் இளவாலை. அங்கே வேலி என்பது ஒரு முழுநேர உத்தியோகம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வருடாவருடம் வேலி அடைக்கும்போது கதியால் தடியை ஒரு சாண் தள்ளி நடுவதும், பக்கத்துக் காணிக்காரர் விடியப் பார்த்துவிட்டுத் துள்ளுவதும், பிறகு இரண்டு வீட்டாரும் மல்லாகம் கோட்டு வாசலில் ஆளுக்கொரு அப்புக்காத்து வக்கீலோடு நிற்பதும் எல்லா வளவுக்கும் பொது. எங்கள் ஐயாவும் அவருடைய தமையனாரும் அப்படி நின்றவர்கள்தான். வழக்கு முடிய முதல் போர் வந்து சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. இரண்டு பேருடைய காணியையும் ஒன்றாகச் சேர்த்து இராணுவம் ஒரே முட்கம்பி வேலி போட்டது. அந்த ஒரு சாண் யாருக்குச் சொந்தம் என்று இன்றுவரை தீர்ப்பு இல்லை.

ஆனால் வழக்கு நடந்த காலத்திலும் அந்த வேலியின் பின்மூலையில் ஒரு பொட்டு இருந்தது. ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய ஓட்டை. ஆண்கள் கோட்டில் முறைத்துக்கொண்டு நிற்க, அம்மாவும் பெரியம்மாவும் அந்தப் பொட்டுக்குள்ளால் கறிச்சட்டி மாற்றிக்கொண்டார்கள். ஐயாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். எங்கள் பக்கத்தில் வேலிச் சண்டைக்கு அது ஒரு முறை.

ஸ்காபரோ வேலியில் பொட்டு இல்லை. இயந்திரத்தால் அறுத்த பலகை, நெருக்கி ஆணி போட்டது. றீற்றா தம்பி வீட்டுக்குப் போவதென்றால் முன்வாசலால் இறங்கி, தெருவுக்கு வந்து, மணி அடித்துப் போகவேண்டும். தாஸ் வீட்டில் நிற்கும்போது அதையும் செய்யமாட்டாள்.

அதனால் அவள் என்னைக் கூப்பிடுவது காருக்குள் இருந்து. சுப்பர்மார்க்கெற் கார்த் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுவாள். வீட்டில் பேசினால் தாஸுக்குக் கேட்கும், வளவில் பேசினால் ஜெயத்துக்குக் கேட்கும். "அக்கா, நான் என்ன அந்தரத்திலை நிக்கிறன் எண்டு உனக்கு விளங்குதோ?" என்பாள். பிறகு கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வரும். நான் மூத்தவள். அம்மா போன பிறகு அவளுக்கு அழ வேறு இடம் இல்லை. இவர்கள் இரண்டு பேரையும் எப்படியாவது பேச வைக்கவேண்டும் என்று தீர்மானித்தது அப்படித்தான்.

4

நான் ஒரு வைத்தியர் சேர்ஜரியில், இங்கே கிளினிக்குக்கு அப்படித்தான் பெயர், வரவேற்பறையில் வேலை செய்கிறேன். இன்றைக்கே டொக்டரைப் பார்க்கவேண்டும் என்று வருகிறவர்களை, இன்றைக்குப் பார்க்க ஏலாது என்ற செய்தியோடு சிரித்த முகமாக வீட்டுக்கு அனுப்புவதுதான் அந்த வேலை. எந்த வெளிவிவகார அமைச்சிலும் என்னை எடுப்பார்கள். இந்தத் திறமையை நம்பி ஸ்காபரோ விவகாரத்தில் இறங்கினேன்.

என் கொள்கை எளிமையானது. நம்மவர்களுக்குத் தெரிந்த கொள்கைதான். இந்தப் பக்கத்தார் விசாரித்ததாக அந்தப் பக்கத்தாருக்குச் சொல்வது. அவர் விசாரித்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"ஜெயம், தாஸ் உன்னை விசாரிச்சவர். முதுகுநோ எப்பிடியாம் எண்டு கேட்டார்."

"மெய்யே?"

"நானேன் பொய் சொல்லுறன்?"

அடுத்த நாள் மற்றப் பக்கம்.

"தாஸ், ஜெயம் கவலைப்பட்டவன். கேக் கதை வாய் தவறி வந்திட்டுதாம்."

"அவனோ? அப்பிடியோ சொன்னவன்?" தாஸின் குரல் இளகுவது போனிலேயே தெரியும்.

ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். விசாரிப்பு கவலையானது, கவலை வருத்தமானது, வருத்தம் மன்னிப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வெள்ளி விழாவுக்கு இருவரும் ரிக்கற் போட்ட அன்று என் மகள் ஷெரினிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒல்லாந்தில் பிறந்து லண்டனில் வளர்ந்தவள். தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற சாதி. உறவுமுறையை மட்டும் தமிழில் வைத்திருக்கிறாள்.

"அம்மா, யூ ஆர் ஜஸ்ட் லையிங் டு மாமா அண்ட் சித்தப்பா" என்றாள்.

"பொய் இல்லையடி. சமாதானப் பேச்சு."

"தட்ஸ் வட் லையர்ஸ் சே" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

எங்கள் வீட்டிலும் ஓர் எல்லைக் கதை இருக்கிறது. அதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தில் இருந்து லண்டனுக்கு வந்து, இந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்த பிறகு இவர் ஒரு வான் வாங்கி, ரொட்டர்டாமில் மொத்தமாக மீனும் மரக்கறியும் எடுத்துவந்து பக்கத்து ஊர் ரூட்டிங்கில் தமிழ்க் கடைகளுக்குப் போட்டார். சொந்தத் தொழில். வானின் பக்கத்தில் ஷெரினின் பெயர் எழுதியிருந்தது. கப்பலில் ஏறி, இறங்கி, இடையில் யாரும் மறிக்காத காலம் அது. பிறகு பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகியது. ஒரு பெட்டி மீனுக்கு ஒரு கட்டுப் பத்திரம் நிரப்பவேண்டி வந்தது. துறைமுகத்தில் காத்திருந்து மரக்கறி வாடியது. ஒருநாள் வானை விற்றுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். இப்போது வேறொருவருடைய களஞ்சியத்தில் வேலை.

அன்றில் இருந்து விலகச் சொல்லி வாக்குப் போட்டவர்களை நான் திட்டாத நாள் இல்லை. பஸ்ஸில் எதிரில் இருக்கும் வெள்ளைக்காரரைப் பார்த்து, நீதானே போட்டாய் என்று மனதுக்குள் கேட்பேன். பக்கத்து வீட்டுக் கிழவர் கென்னுக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கேக் கொடுக்கிறவள், அவருடைய ஜன்னலில் ஒரு பிரித்தானியக் கொடி தொங்கியதைக் கண்டு, அவரும் விலகச் சொன்னவர்தான் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லமாட்டார். தேநீரைக் குடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார்.

5

கனடாக்காரர் இப்போது லண்டனுக்கு வருவதற்கும் முன்கூட்டியே போனில் அனுமதி எடுக்கவேண்டும். ஜெயத்தின் படத்தை அந்தப் போன் அப் நாலைந்து தரம் ஏற்காமல் தட்டிவிட்டது. சிரிக்கிறானாம். சிரிக்காமல் எடுத்தபோது, அது அவன் இல்லை என்றதாம். தாஸ் முதல் தரமே எடுத்துவிட்டார். "நாங்கள் ஒழுங்கான நாட்டுக்காரர் மாதிரி நிண்டு படம் எடுத்தனாங்கள்" என்று எனக்கு மட்டும் செய்தி அனுப்பினார்.

ஒரே விமானத்தில்தான் வந்தார்கள். நடுவில் றீற்றா. ஜெயத்தின் மனைவி பிள்ளைகளோடு அங்கே நின்றுவிட்டாள். ஹீத்ரோவில் தள்ளுவண்டியோடு வந்த மூவரையும் பார்த்ததும் எனக்குக் கண் நிரம்பிவிட்டது. பிறகு பார்த்தால் ஒருவர் இந்தக் கரையில், மற்றவர் அந்தக் கரையில், இடையில் என் தங்கை இரண்டு பேருடைய பையையும் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

எங்கள் வீடு சின்னது. தாஸும் றீற்றாவும் ஷெரினின் அறையில், ஜெயம் முன்னறை சோபாவில். என் சமாதானப் பேச்சை நம்பி வந்த இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். மற்றவர் வந்து வாய் திறப்பார் என்று காத்திருந்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் மூலமாகப் பேசினார்கள்.

"அக்கா, ஹீற்றரைக் குறைக்கச் சொல்லுங்கோ" என்பார் தாஸ், ஹீற்றருக்குப் பக்கத்தில் ஜெயம் இருக்க.

"அக்கா, கோடையிலை ஹீற்றர் போடேல்லை எண்டு சொல்லு" என்பான் ஜெயம்.

இவர், வந்தவர்களைக் கவனிக்கவேண்டும் என்று ஒரு போத்தல் விஸ்கி வாங்கி வைத்திருந்தார். தாஸ் அதைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். அமெரிக்காவில் வடித்தது. "அண்ணை, நீங்களுமோ?" என்று கேட்டுவிட்டு மேசையில் வைத்தார். குரலில் அப்படி ஒரு துக்கம். வழமையாகக் குடிக்காத ஜெயம் உடனே எழுந்து வந்து ஒரு கிளாஸ் நிறைய ஊற்றிக்கொண்டான். அன்று முழுக்க அவனுக்கு வயிறு எரிந்தது. ரூட்டிங்கில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆரஞ்சுத் தோடம்பழப் பெட்டியில் ஸ்பெயின் என்று கண்ட பிறகுதான் தாஸ் ஒன்றை முகர்ந்து பார்த்தார்.

சனிக்கிழமை திருப்பலி நன்றாக நடந்தது. சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று பங்குச் சுவாமியார் சொன்னபோது நான் இருவரையும் மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாஸ் முன்வரிசைக்காரருக்குக் கைகொடுத்தார். ஜெயம் பின்வரிசைக்காரருக்குக் கைகொடுத்தான். றீற்றா மட்டும் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கைகொடுத்தாள். அந்த இடத்தில் எனக்கு வந்தது பக்தி இல்லை, ஆத்திரம்.

6

ஞாயிறு மத்தியானம், மண்டபத்தில் மிஞ்சிய புரியாணியைச் சூடாக்கி எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தோம். ஷெரின் ஒரு பொரித்த மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாகக் கேட்டாள்.

"சோ, மாமா, ஹூ செட் சொறி ஃபர்ஸ்ட்? யூ ஓர் சித்தப்பா?"

ஜெயம் நிமிர்ந்தான். "நானேன் சொல்லோணும்? அத்தான்தானே கவலைப்பட்டவர்."

"ஆர் கவலைப்பட்டது?" தாஸ் கரண்டியை வைத்தார். "கேக் கதைக்கு நீயெல்லோ மன்னிப்புக் கேட்டனியெண்டு அக்கா சொன்னவா!"

"நானோ? என்ரை முதுகுநோவை நினைச்சு நீங்கள் நித்திரை இல்லாமல் இருக்கிறியள் எண்டல்லோ அக்கா எனக்குச் சொன்னது!"

நித்திரை இல்லாமல் என்று நான் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைத் திருத்தப் போகவில்லை. இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

"அக்கா, நீ எங்களைப் பேக்காட்டினனி" என்றான் ஜெயம்.

"உங்களிட்டை நான் இதை எதிர்பாக்கேல்லை, அக்கா" என்றார் தாஸ்.

நான் வாயைத் திறக்க முதல் றீற்றா எழுந்துவிட்டாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. அன்றும் கத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என்ரை கூடப்பிறந்தவன்ரை வீட்டுக்கு நான் ரோட்டாலை சுத்திப்போய் பெல் அடிக்கிறன். ஆரோ மாதிரி நிண்டு பெல் அடிக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் நாட்டைப் பாதுகாக்கிறியள். பாதுகாருங்கோ. எனக்கு உப்பு முடிஞ்சால் நான் கடைக்குப் போறன்."

ஜெயத்தின் முகம் சிவந்துவிட்டது. வெட்கமா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நான் ஹோட்டலிலை போய் நிக்கிறன், அதுதான் எல்லாருக்கும் நல்லது" என்று கதிரையைத் தள்ளினான். அவன் போனால் கதை முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போய் வேலியை இன்னும் ஓர் அடி உயர்த்துவான். வரவேற்பறையில் அத்தனை பேரைச் சமாளிக்கிற நான், தயிர்ச் சட்டியைத் தூக்கி இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று அவனைக் கேட்டேன்.

"இரு, ஜெயம்" என்றார் இவர்.

எங்கள் வீட்டில் இவர் பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். அவ்வளவு அரிது.

"நானும் வேலி போட்டனான்."

"எந்த வேலி, அண்ணை?" தாஸ் கேட்டார்.

"இந்த நாட்டு வேலிதான். விலகோணும் எண்டு வாக்குப் போட்டனான்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு கையில் இருந்த தயிர்ச் சட்டியை மேசையில் வைத்தேன். "என்ன சொல்லுறியள்?"

இவர் என்னைப் பார்க்காமல் தாஸைப் பார்த்துச் சொன்னார். "பிராங்பேட்டிலை இருந்து குமார் எண்டு ஒருத்தன் ரூட்டிங் கடையளுக்குச் சாமான் கொண்டுவரத் தொடங்கினவன். என்ரை விலையை விடக் குறைச்சு. ஒவ்வொரு கடையா எனக்குக் கை நழுவிப் போச்சுது. விலகினால் அவன்ரை வான் வராது எண்டு நினைச்சன். அவன்ரை வான் மட்டும் வராது எண்டு நினைச்சன்."

ஜெயம்தான் இவரைக் கேட்டான், மெதுவாக. "அத்தான், நீங்களும் அதே கப்பலிலைதானே வாறனீங்கள்?"

"ஓம்."

"அப்ப அந்தக் குமார்?"

"அவன் இப்ப ஜேர்மனியிலை பெரிய கடை வைச்சிருக்கிறான். நல்லா இருக்கிறான்."

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாது. தாஸின் வாயை மூடிய கையில் இருந்தா, ஜெயத்தின் மூக்கில் இருந்தா. இரண்டு பேரும் மேசையில் கையை அடித்துச் சிரித்தார்கள். ஜெயத்துக்குப் புரையேறியது. தாஸ் எழும்பி அவன் முதுகில் தட்டினார், தட்டிக்கொண்டே, "பாத்தியே மச்சான், உது பிழையான வேலி. ஆருக்குப் போடுறது எண்டு யோசிக்காமல் போட்டால் உப்பிடித்தான். நாங்கள் போடுறது கணக்குப் பாத்துப் போடுற வரி" என்றார்.

"என்ன கணக்கு? இதைத்தானே அத்தான் நான் ஒரு வருசமாத் தலையாலை அடிச்சுச் சொல்லுறன்! வேலி எண்டால் வேலிதான்!"

"பேசித் தீர்க்கலாமெண்டு உங்கடை ஆள் சொல்லுறார். ஆரோடை பேசுறது?"

"முதல் நீங்கள் பேசிப் பாத்தனீங்களோ?"

ஒருவர்கூட ஓர் அங்குலம் கொள்கை மாறவில்லை. இவருடைய கதையை இருவரும் தங்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஹீற்றரைப் பற்றிப் பேசவும் ஆள் தேவைப்பட்ட இருவர், முகத்துக்கு முகம் பார்த்துக் கத்திக்கொண்டு இருந்தார்கள். றீற்றா என்னைப் பார்த்தாள். ஹோட்டல் கதை அதற்குப் பிறகு வரவில்லை.

7

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, நல்ல கோபம். அவர்களை விமானம் ஏற்றிவிட்டு வந்து, கோப்பை கழுவும்போது கேட்டேன்.

"இவ்வளவு வருசமும் நான் ஊரைத் திட்டேக்கை தலையை ஆட்டிக்கொண்டு இருந்தனீங்கள். ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீ என்னைத்தான் திட்டுறாய் எண்டு எனக்குத் தெரியும்தானே" என்றார். "சரியாத்தான் திட்டினனி. அதாலை பேசாமல் இருந்தன்."

அந்த வானைக் கழுவி, பக்கத்தில் மகளின் பெயரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த மனிதர் அவர். அதை விற்றுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று, யாரையும் குறைசொல்லாமல் தேநீர் கேட்டார். அதைப் பெருந்தன்மை என்று நான் இத்தனை காலமும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கோபத்துக்குள்ளே எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டும் இன்னும் இருக்கிறது, ஒன்று மற்றதைத் துரத்தவில்லை. இவர் துடைத்துத் தந்த கோப்பையை இன்னொரு தரம் கழுவினேன்.

மறுநாள் மிஞ்சிய ரோல்ஸை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். கென் கிழவர் திறந்து, தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். எங்கள் வெள்ளி விழா என்றேன். அவர் எதற்கு வாக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக் கணக்கே இப்போதுதான் எனக்குத் தெரியவந்திருக்கிறது.

மூன்று கிழமை கழித்து றீற்றா கூப்பிட்டாள். பின்னால் பயங்கரச் சத்தம். உருக்கு, வரி, பிரதமர், விசர்க்கதை என்று துண்டு துண்டாகக் கேட்டது.

"எங்கை நிக்கிறாய்? காருக்குள்ளையோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. வேலியிலை ஒரு பலகை விழுந்திட்டுது."

"எப்பிடி விழுந்தது?"

"காத்துக்கு விழுந்ததாம். ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லுகினம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆணி எல்லாம் ஒரு மாஜரின் டப்பாவுக்குள்ளை கிடக்குது, அக்கா. காத்து ஆணியைக் கழட்டி டப்பாவுக்குள்ளை போட்டு மூடியும் வைக்குமோ?"

மிச்ச வேலி அப்படியே நிற்கிறதாம். அதை எடுக்கிற யோசனை இரண்டு நாட்டுக்கும் இல்லையாம். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு இவருக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன். இவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து கேட்டார். அங்கே இருவரும் பிரதமரின் சிரிப்பைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நீ எங்கை நிண்டு கதைக்கிறாய்?" என்றேன்.

"தம்பி வீட்டுக் குசினியிலை" என்றாள் றீற்றா. "உப்பு எடுக்க வந்தனான்."